துணி வராத நாளில் ஒரு லோஃபர்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. ஒரு நடை வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்கள். அருள்புரத்தில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் காரணமில்லாமல் போய் நிற்கக் கூச்சம். கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி, "யாரைப் பார்க்கணுங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் அந்த போன் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. குளித்துத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "கம்பெனிக்குப் போயிட்டு வர்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் சொல்லிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை.

கூப்பிட்டது நிவேதா என்ற பெண். எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறாள். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டிகள் இப்போது தொழிலாளிகளைத் திட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்களாம். சூப்பர்வைசர்களுக்கு அதைப் பற்றி அவள் வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

"என்னன்ன வார்த்தை சொல்லித் திட்டுவாங்கன்னே எனக்குத் தெரியலீங்க ஐயா. தெரியாம எப்படிக் கூடாதுன்னு சொல்றது? நீங்கதான் நெறைய வருஷம் இருந்தீங்களாமே."

"பொம்பளப் புள்ளகிட்ட அதெல்லாம் எப்படிக் கண்ணு சொல்றது?"

"சொல்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

யோசித்துப் பார்த்து, "லோஃபர்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து காலை நீட்டிக் காட்டினாள். லேஸ் இல்லாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்கிற ஷூ. "இதுக்குப் பேரும் லோஃபர்தாங்க ஐயா" என்றாள். பிறகு செல்போனில் தேடிப் பார்த்து எனக்கு விளக்கினாள். வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறவனுக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். குனியாமல், கட்டாமல், சும்மா மாட்டிக்கொண்டு போகிற ஷூவுக்கு அது பிற்பாடுதான் வந்ததாம். அந்த மாதிரி ஷூவை நான் பல வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன். அதற்கு இதுதான் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு வார்த்தைகளும் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். அந்த ஒரு சொல்லே என்னை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லை எப்படி வைத்திருக்கிறார்களோ, திருப்பூர்ப் பக்கம் அதற்குக் கனம் அதிகம். பேக்கரி வாசலில் நிற்பவன் லோஃபர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை வராதவன் லோஃபர். பெண்கள் ஹாஸ்டல் வண்டி வரும் நேரம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு ரோட்டோரம் நிற்பவன் பெரிய லோஃபர். பீகாரிலிருந்து வந்து பேக்கிங்கில் சேர்ந்த ஆட்களுக்கு எங்கள் தமிழ் பிடிபட வெகுகாலம் ஆகும். இந்த ஒரு சொல் மட்டும் வந்த அன்றைக்கே புரிந்துவிடும். அவர்கள் ஊரிலும் அதே சொல், அதே அர்த்தமாம்.

பெண் கொடுக்கும் இடத்தில்தான் அதன் முழுக் கனம் தெரியும். மாப்பிள்ளை கொஞ்சம் குடிப்பான் என்றால்கூட, "வேலைக்குப் போறானுங்கல்ல?" என்று கேட்டுவிட்டு மேலே பேசுகிறவர்கள் உண்டு. லோஃபர் என்று யாராவது சொல்லிவிட்டால் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். எல்லாரும் வேலை செய்கிற ஊரில் சும்மா இருப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

என் கதையும் வேலையாலானதுதான். எங்களுடையது தறிக் குடும்பம். எட்டாவது முடித்ததும் வேறொரு கம்பெனிக்குக் கைமடியாக வந்தேன். தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுத்து, தைத்ததை எடுத்து அடுக்கித் தருகிற எடுபிடி வேலைக்கு அந்தப் பெயர். பிறகு பிசிர் வெட்டினேன், செக்கிங் பார்த்தேன். கண்ணும் கையும் பழகியபின் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அருள்புரம் கம்பெனியில் சேர்ந்தது அப்போதுதான். அங்கே எனக்கு மேலே இருந்தவர் மேனேஜர் ராமலிங்கம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான ஆள். சட்டை கசங்கிப் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனியில் தையல் ஹாலுக்குள்ளும் பேக்கிங் ஹாலுக்குள்ளும் செருப்போடு போகக் கூடாது. வெள்ளைத் துணி தரையில் பட்டால் கறை. கோயில் மாதிரி எல்லாரும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவோம். மேனேஜருக்கும் அதே விதிதான். நாளெல்லாம் ஹாலுக்கு ஹால் போகிறவருக்கு லேஸ் கட்டிக் கட்டி அவிழ்க்க முடியுமா? அதனால்தான் அந்த மாதிரி ஷூ. கறுப்பு நிறம், மேலே ஒரு பட்டை. நடந்து வருகிறபோதே காலை உதறுவார். ஷூ வாசலில் நின்றுவிடும், ஆள் சாக்ஸ் காலோடு உள்ளே இருப்பார். சத்தமே வராது. பேசிக்கொண்டிருக்கிறவன் முதுகுக்குப் பின்னால், "என்றா லோஃபர், கதை முடிஞ்சுதா?" என்று குரல் வரும்போதுதான் தெரியும்.

அதனால் எல்லாரும் வாசலில் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கறுப்பு ஷூ தெரிந்தால், "ஷூ வந்துருச்சு" என்று ஒருவர் முணுமுணுப்பார். ஹால் முழுக்கத் தலை குனியும். இதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் பேக்கிங் வாசலில் ஷூவை விட்டுவிட்டு, பின்படி வழியாக ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். மத்தியானம் முழுக்க ஷூ தனியாக வேலை வாங்கியது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "பாத்தியா, எனக்குச் சம்பளமே தேவையில்லை. இதுக்குக் குடுத்தாப் போதும்" என்றார். அப்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை.

லோஃபர் என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. லேட்டாக வந்தவன் லோஃபர், சீக்கிரம் வந்து கேட்டில் நிற்பவனும் லோஃபர். ஆனால் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுவார். சம்பளத்தில் கை வைக்க மாட்டார், வேலையை விட்டு எடுக்கவும் மாட்டார். அதனால் அவர் திட்டை எங்கள் ஆட்கள் மழை மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது முத்துராஜ் சங்கதி. கொரோனா வருவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது.

முத்துராஜ் விளாத்திகுளம் பக்கத்துப் பையன். அப்பா அம்மா இல்லை. அக்கா ஒருத்தி வளர்த்துவிட்டு அவள் குடும்பத்தோடு மும்பைக்குப் போய்விட்டாள். இவன் தனியாக அருள்புரத்தில் ஒரு ரூமில் இருந்தான். ஓவர்லாக் மெஷினில் டைலர். அவன் தைத்த பீஸ் செக்கிங்கிலிருந்து பழுது என்று திரும்பி வந்ததே கிடையாது.

செக்கிங்கில் கோமதி என்று ஒரு பெண். மடத்துக்குளத்தில் அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் பூமி. அவள் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்தாள். பழுது இருந்தால் அந்த பீஸை எடுத்துக்கொண்டு டைலரிடம் போய், இங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டித் திருப்பித் தர வேண்டும். முத்துராஜ் பண்டலில் பழுதே இல்லாததால் அவனிடம் போய்ப் பேச அவளுக்கு வழியே இல்லை. ஒரு நாள் நன்றாக இருந்த பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவன் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவன் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் அவளிடமே வந்தான்.

"இதுல என்ன தப்பு இருக்கு?"

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்லியே."

"இல்லீன்னா இல்லைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பண்டலைப் பிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பார்க்காத மாதிரி நகர்ந்துபோனேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஊர்க் கோயில் நோன்புக்குப் போனபோது கோமதி வீட்டில் சொல்லிவிட்டாள். பையனும் அவர்கள் வகைதான் என்பதால் சாதிக் கேள்வி எழவில்லை. அவள் அப்பா வேலுச்சாமி ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "நானே போய்ப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ போன் பண்ணி ஒண்ணும் சொல்லக் கூடாது." பெண்ணின் செல்போனில் இருந்த படத்தைப் பார்த்து முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன் இப்படித்தான். சொல்லாமல் வந்து, மாப்பிள்ளை வேலை பார்க்கும் கம்பெனிக்கு எதிர்ப் பேக்கரியில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கேட்பார்கள். சொல்லிவிட்டு வந்தால் நல்ல சட்டையைத்தானே போட்டுக்கொண்டு நிற்பான்?

அவர் வந்த நாள் துணி வராத நாள்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போய்ச் சாயமேறி வந்தால்தான் வெட்ட முடியும், வெட்டினால்தான் தைக்க முடியும். பட்டறையில் தாமதமானால் டைலருக்கு வேலை இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பீஸ் இல்லையென்றால் கூலியும் இல்லை. ரூமுக்குப் போய்ப் படுக்கவும் முடியாது. வண்டி எந்த நேரமும் வரலாம், வந்ததும் மெஷினில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். ஆக, அத்தனை டைலரும் பேக்கரி வாசலில்தான் இருப்பார்கள். ஒரு டீயை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுவார்கள்.

முத்துராஜ் அன்றைக்குப் புது ஷூ போட்டிருந்தான். பெண் பார்க்கப் போகும்போது போடுவதற்காக வாங்கியது. மேனேஜர் போடுகிற மாதிரியே, லேஸ் இல்லாதது. காலைக் கடித்ததாம். துணி இல்லாத நாள்தானே, போட்டுப் பழக்கலாம் என்று பேக்கரிக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"டேய், ஷூவை நீ போட்டிருக்கியா, ஷூ உன்னையப் போட்டிருக்குதா?"

"மாப்பிள்ளை நடக்கறாரு, வழி விடுங்கப்பா. மண்டபம் எங்கீங்க மாப்பிள்ளை?"

"கடிக்குதுடே. நீங்க வேற" என்று நொண்டிக்கொண்டே சிரித்தான்.

இத்தனையையும் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றபடி, வேலுச்சாமி காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

பொழுது சாய நான் டீ குடிக்கப் போனபோது அவர் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் கறுத்த முகம்.

"ஏனுங்க, நீங்க இந்தக் கம்பெனிங்களா?"

"ஆமாங்க."

"நெத்தில திருநீறு பாத்தனுங்க. பொய் சொல்ல மாட்டீங்கன்னு கேக்கறன். அந்த ஷூ போட்ட பையன் எப்படிங்க?"

யார், எதற்கு என்று கேட்டேன். சொன்னார். நல்ல பையனுங்க, வேலைக்காரனுங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேலைக்காரனுங்களா? விடிஞ்சதுல இருந்து பாத்துட்டே இருக்கறனுங்க. நாலு டீ குடிச்சான். சிரிச்சான். ரோட்டுல மேலயும் கீழயும் நடந்தான். லோஃபருங்க. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயும் இப்படி நிக்கறானுங்க, பாத்திருக்கறன்."

"இன்னைக்குத் துணி வரலீங்க. துணி வரலீன்னா யாருக்குமே வேலை இல்லீங்க."

"துணி வரலீன்னா? மழை வரலீன்னா நான் சும்மா குக்கிட்டு இருப்பனுங்களா? வரப்பு வெட்டுவன். மாட்டைப் பாப்பன். வேலி கட்டுவன். கை காலு இருக்கறவனுக்கு வேலை இல்லாம ஒரு நாளு எப்படிங்க போவும்?"

அவர் சொன்னது அவர் காட்டுக்குச் சரி. எங்கள் தொழிலில் காத்திருப்பதும் வேலையோடு சேர்ந்தது என்பதை எப்படிப் புரிய வைப்பது? அந்த ஷூவே அவர் வீட்டுக்கு வருவதற்காக வாங்கியது என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு ஷூ எதுக்குங்க? வாசல்லயே கழட்டித்தான வெக்கோணும்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெண் மடத்துக்குளத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் போய்ச் சொல்லப்போகும் சொல் எனக்குத் தெரியும். அப்பன் அம்மா இல்லாத பையனுக்காகத் திரும்பவும் போய்ப் பேசவும் ஆள் கிடையாது. முருகா என்று சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

"ஒரு நாள் பாத்துட்டீங்க. இன்னொரு நாளும் பாத்துட்டுப் போங்க. இன்னைக்கு எங்க ஊட்டுல தங்குங்க. நாளைக்குத் துணி வந்துரும்."

"மாடு கத்துமுங்க."

"பக்கத்துத் தோட்டத்துல சொன்னா ஒரு நேரம் தண்ணி காட்ட மாட்டாங்களா?"

பஸ் நிறுத்தத்தில் நின்றார். "எம் புள்ள எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லீங்க. இதொண்ணுதான் கேட்டிருக்கறா" என்றார். பிறகு என் பின்னால் வந்தார்.

என் வீட்டுக்காரி பழனியம்மாள் வந்தவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். விஷயத்தை நான் சொன்னதும், "துணி வரோணுமே" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

துணி வந்தது. காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போய், வேலுச்சாமியை ஹாலுக்குள் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். வெளி ஆட்களை ஹாலுக்குள் விடக் கூடாது என்பது சட்டம். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார், நிமிரவில்லை.

"எந்த லோஃபரு?"

"முத்துராஜுங்க."

பேனா நின்றது. "தையல் ஹால்ல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குதில்ல, அதுக்குப் பின்னால சேர் போட்டு உக்கார வை. அந்த லோஃபருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நடிப்பான்" என்றார்.

நான் வாசல் வரை வந்ததும் திரும்பக் கூப்பிட்டார். தன் ஷூவைக் கழற்றி, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். "இது வாசல்ல இருந்தா எல்லாரும்தான் வேலை செய்வானுங்க. அவரு இது இல்லாமயே பாக்கட்டும்." அன்றைக்கு முழுக்க அவர் ஆபீஸை விட்டு வெளியே வரவில்லை.

வேலுச்சாமி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முத்துராஜின் பக்கவாட்டு முகம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். வெறுங்கால் மெஷின் பெடலில். இடது கை பண்டலிலிருந்து எடுக்கும், வலது கை தள்ளும், தைத்தது அந்தப் பக்கம் விழும். எடுக்கும், தள்ளும், விழும். அவ்வளவுதான். தலை நிமிரவில்லை. முதல் நாள் இல்லாமல் போன கூலியையும் பிடித்தாக வேண்டுமே. பஞ்சுத் தூசி புருவத்தில் படிந்து வெள்ளையாகிவிட்டது, கிழவனைப் போல.

நான் நடுநடுவே போய்ப் பார்த்தேன். முதலில் வேலுச்சாமியின் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்திருந்தது. அடுத்த தடவை போனபோது மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி குடிக்கப் போவானுங்களா?"

"போவானுங்க."

"எப்பங்க?"

மத்தியானம் சாப்பிட எழுந்தவன் கையைச் சரியாகக் கழுவுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். சாயங்காலம் ஆகும்போது வேலுச்சாமி அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போதுமுங்க" என்று எழுந்தார்.

பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"நேத்து லோஃபருன்னு வேண்டாம்னனுங்க. இன்னைக்கு எனக்குப் பயமா இருக்குதுங்க. காட்டுல நானும்தான் வேலை செய்யறன். மம்பட்டியைப் போட்டுட்டு வரப்புல குக்கி ஒரு வெத்தலை போடுவன். எம் பொண்டாட்டி சோறு கொண்டாந்தா ரெண்டு பேச்சுப் பேசுவம். இந்தப் பையன் நிமிந்தே பாக்கலீங்களே. எம் புள்ளையை எப்பங்க பாப்பான்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அவனையே கேட்டுருங்க" என்று சொல்லி முத்துராஜைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

புருவத்துத் தூசியோடு வெறுங்காலில் ஓடிவந்தான். யார் என்று நான் சொன்னதும் அவனுக்கு வேர்த்துவிட்டது. தலைமுடியைத் தடவினான், காலைப் பார்த்தான், ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்தான். நேற்றெல்லாம் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் இவர்தான் என்பதும் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்துவிட்டது.

வேலுச்சாமி ஒன்றே ஒன்று கேட்டார். "ஞாயித்துக்கெழமையும் வேலைக்குப் போவியா கண்ணு?"

"போவேன் மாமா. ஒரு ஞாயிறுகூட விட்டதில்ல. வேணும்னா அண்ணாச்சிகிட்ட கேட்டுக்கிடுங்க" என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் எல்லா மாமனாருக்கும் சொல்ல வேண்டிய பதில் அது. இவருக்கு மட்டும்தான் அது தப்பான பதில். முத்துராஜ் என் முகத்தைப் பார்க்கிறான், அவர் முகத்தைப் பார்க்கிறான், எங்கே தப்பு என்று தெரியாமல் முழிக்கிறான்.

"அவன் ரூமுக்குப் போனா யாருங்க இருக்கறாங்க?" என்றேன் நான். "நாலு செவுருதான். அதுக்கு மெஷினே மேலுன்னு வந்து உக்காந்துக்கறான். ஊட்டுல ஆளு இருந்தா அவனும் போவானுங்க."

வேலுச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டின் நுனியால் அவன் புருவத்துத் தூசியைத் தட்டிவிட்டார்.

"பொண்ணுக் குடுக்கறன். ஒண்ணு மட்டும் எனக்கு வேணும். ஞாயித்துக்கெழமை நீ சும்மா இருக்கோணும். எம் புள்ளகூட உக்காந்துட்டு இருக்கோணும். ஊருல யாராவது லோஃபருன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க."

"சும்மா இருந்து என்ன செய்யணும் மாமா?"

"சும்மா இருக்கறதுக்கு என்னடா செய்யோணும்?"

பேக்கரிக்காரர் வரைக்கும் சிரித்துவிட்டார். முத்துராஜ் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய பொறுப்பு ஒன்றை ஏற்பவன் மாதிரி, "பழகிக்கிடுதேன் மாமா" என்றான்.

தை மாதம் மலைக்கோயிலில் முருகன் சந்நிதியில் கல்யாணம் நடந்தது. பையன் வீட்டுப் பக்கம் நானும் பழனியம்மாளும்தான் அப்பன் அம்மா இடத்தில் நின்றோம். மும்பையிலிருந்து அக்காவால் வர முடியவில்லை. மேனேஜர் வந்தார். மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பழனியம்மாள் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வேலுச்சாமி கேட்டதையெல்லாம் அவளுக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்தேன், எனக்கு அது அவ்வளவு புதுமையாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"எங்கப்பனும் அதைக் கேட்டிருக்கலாமுங்க."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நான் ரிட்டயர்டு ஆயிட்டா எல்லா நாளும் ஞாயித்துக்கெழமைதான் புள்ள" என்றேன். "அதுவரைக்கும் கோயில் பிரகாரத்துல உக்காந்துக்கறேன், அங்க நீங்க சும்மாதான் இருப்பீங்க" என்றாள். கிருத்திகை தோறும் கோயிலுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு உண்டு.

முத்துராஜ் பேச்சைக் காப்பாற்றினான். சரக்குக் கப்பல் ஏற வேண்டிய அவசரத்தில் ஞாயிறும் ஹால் முழுக்க ஓடும். அவன் மெஷின் மட்டும் துணி மூடியிருக்கும். முதல் தடவை மேனேஜர் அங்கே வந்து நின்று, "எங்க அந்த லோஃபரு?" என்றார். "ஞாயித்துக்கெழமைங்க" என்றேன். மூடியிருந்த துணியை இழுத்துச் சரி செய்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அப்புறம் ஒரு ஞாயிறுகூட அவர் அதைக் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆடியில் பழனியம்மாள் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முருகன் ஏன் அப்படிச் செய்தான் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு கணக்கு இருக்கும். எங்கள் பெண்ணைத் தாராபுரத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறாள். அவள் வீட்டிலும் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் வற்புறுத்திக் கூப்பிட்டான் என்று அவன் வீட்டுக்குப் போனேன். கோமதி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் உரித்ததை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். இருவர் நடுவிலும் குழந்தை தூங்கியது. டிவி ஓடவில்லை. "வாங்க அண்ணாச்சி, சும்மாதான் இருக்கோம்" என்றான். எனக்கும் ஒரு கைப்பிடி கடலை கொடுத்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை.

இப்போது சாயங்காலம் வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி எடுத்துப் போடுகிறேன். ஒன்றில் நான் உட்காருவேன். போன வாரம் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பேச்சுக் கொடுத்தபடி இன்னொன்றை இழுத்தார்.

"ஆளு வருதுங்க" என்றேன்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவனிடம் கேட்டுவிட்ட மாதிரி, அவர் சட்டென்று நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். "தெரியாமப் போச்சுங்க" என்று சொல்லி, நின்றுகொண்டே கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.